வள்ளத்துக்கு ஒரு மாரிகாலப் புகலிடம்

ஐப்பசி பிறப்பதற்கு முன்னர்த் தீர்த்துவிட வேண்டிய வழக்கொன்று எங்கள் குடும்பத்தில் ஆண்டுதோறும் எழுவதுண்டு. அது காணி வழக்கன்று, சீதன வழக்குமன்று. வல்வெட்டித்துறையிலே எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற பாய்மர வள்ளத்தை மாரிகாலத்தில் எங்கே கரையேற்றி வைப்பது என்பதே அவ்வழக்கு. வாதி என் தமக்கையாரின் மகன். பிரதிவாதி தமக்கையார். நீதிபதியோ, கடற்கரையிற் பிறந்து, மலையேறி வந்து, பேராதனையிலே நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான்.

வள்ளம் பெரியதன்று. 22 அடி நீளம், ஏரா முதல் விளிம்பு வரை வேப்பம் பலகை, ஒரே பாய்மரம். இயந்திரம் பூட்டுவதற்குத் தகப்பனார் கடைசிவரை இணங்கவில்லை. இன்று அக்கரை நெடுகிலும் பைபர் படகுகளே கிடக்கின்றன. மருமகனுக்கும் பிழைப்பு அவ்வாறான ஒரு படகினால்தான் நடக்கிறது. ஆயினும் ஓய்வு நாட்களிலே பாய் விரித்துப் பருத்தித்துறைப் பக்கமாக ஓடிவர அவனுக்கு இந்த மரவள்ளந்தான் வேண்டும். அது கெட்டால் மீண்டும் ஒன்று கட்டுவிக்கலாம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. பலகையை வளைத்து இசைத்து, கலப்பற்றுப் பார்த்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசத் தெரிந்த தச்சர்கள் எங்கள் ஊரில் ஒருவர் இருவராகக் குறைந்துபோயினர். ஆகவே இவ்வழக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும் வேடிக்கையன்று.

கடலை அறியாத மலைநாட்டு வாசகர்களுக்காக ஒரு சொல். சோழகம் வீசும் காலத்தில் இலங்கையின் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும்; கிழக்குக் கரை அமைதியாயிருக்கும். வாடை பிறந்ததும் எல்லாம் தலைகீழாகும். அதனாலேதான் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் பலர் சோழகக் காலத்திலே கிழக்கே வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து, வாடைக்கு முன்னர்த் தம்மூர் திரும்புவது வழக்கமாயிற்று. எங்கள் துறையோ நேர் வடக்கு நோக்கியது. முன்னே குன்றுமில்லை, தீவுமில்லை, குடாவுமில்லை. கரையோரத்து முருகைக்கல் சிற்றலையைத் தடுக்கும். பேரலைக்கு அது ஒரு பொருட்டன்று. வாடை முற்றிய நாட்களிலே அங்கு மிதந்தபடி வள்ளத்தை விட்டுவைப்பவன் அதை விரும்பாதவனாகவே இருக்க வேண்டும்.

வாடை மாத்திரம் ஆயின் வழக்கு எளிது. வங்காள விரிகுடாவில் புயல் பிறக்கும் பருவங்கள் இரண்டு: சித்திரை, வைகாசியை ஒட்டியது ஒன்று; ஐப்பசி தொடங்கி மார்கழி வரையானது மற்றொன்று. நம் நாட்டைத் தாக்கியவற்றுட் பெரியவை பெரும்பாலும் இரண்டாவது பருவத்தனவே. 1964 டிசம்பர் 22ஆந் தேதி வட இலங்கையைக் கடந்து சென்ற புயல் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன புகைவண்டியைப் பயணிகளோடு கடல் கொண்டது. கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு வந்த எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறை அது. 1978 நவம்பர் 23ஆந் தேதி மட்டக்களப்பைப் புயல் சூறையாடிற்று. 2000 டிசம்பர் 26ஆந் தேதியும், 2020 டிசம்பர் 2ஆந் தேதியும் திருகோணமலைப் பக்கத்துக் கரையிலே புயல் ஏறியது. இந்தத் தேதிகளை என் மருமகன் மனப்பாடமாக ஒப்புவிப்பான், ஒப்புவித்துவிட்டு, "அம்மான், நீங்கள் மலையிலே சுகமாயிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன?" என்று தொலைபேசியிற் சிரிப்பான்.

2025க்குப் பின்னர் அவன் அப்படிச் சிரிப்பதில்லை. டித்வா என்னும் பெயர் பெற்ற புயல் அவ்வாண்டு நவம்பர் 28ஆந் தேதி கிழக்குக் கரையிலே புகுந்து, தீவின் மேலாக மெல்ல வடக்கு நோக்கி ஊர்ந்தது. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் கடற்கரையார் அல்லர். மண்சரிவிலே புதையுண்ட மலைநாட்டார். கண்டி மாவட்டத்தின் இழப்பே எல்லாவற்றிலும் பெரிது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 அடி உயரத்திலுள்ள இந்தப் பேராதனையிலே, பூங்காவை வளைத்தோடும் மகாவலி கங்கை கரைமீறி எழுந்ததை நான் கண்டேன். இருப்புப் பாதைகள் பல இடங்களில் அறுந்தன. அன்றிரவு வல்வெட்டித்துறையிலிருந்து என்னை நலம் விசாரித்துத் தொலைபேசி வந்தது. "வள்ளம் எப்படி?" என்று நான் கேட்டேன். "வள்ளம் கிடக்கட்டும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேடு எப்படி?" என்றான். எங்கள் நாற்பதாண்டு உரையாடலிலே, மலையிலிருப்பவன் நிலையைக் கடற்கரையான் கேட்டுக் கவலைப்பட்டது அதுவே முதல் முறை.

இவ்வாண்டு அவன் கொண்டுவந்த யோசனை திருகோணமலை. உலகத்திற் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இருக்கையிலே, மணலிலே வள்ளத்தை இழுத்து ஏன் வருந்த வேண்டும் என்பது அவன் வாதம். எனக்கும் அவ்வூர் மீது ஒரு பாசமுண்டு. என் வீட்டைத் தாண்டிப் போகும் மகாவலித் தண்ணீர் ஈற்றிலே போய்ச் சேருவது திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிலன்றோ!

அவனுடைய வாதத்திற்குச் சரித்திரமும் துணை நிற்கிறது. பாய்க்கப்பற் காலத்தில் சோழமண்டலக் கரை முழுதும் திறந்த கடல். வாடைக்கு ஒதுங்க நல்ல துறையில்லை. 1746இல் சென்னப்பட்டினத்தைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே, ஒக்டோபர் நடுப்பகுதி வரை அங்கே நங்கூரமிட்டுத் தாமதித்தார். புயல் வந்தது, எந்த எதிரியும் செய்யாத அளவுக்கு அவர் கப்பல்களை நாசம் செய்தது. ஆகவே அக்கடலிலே போரிட்ட கப்பற்படைகள் ஒக்டோபர் வந்ததும் போரை நிறுத்திவிட்டு ஒதுங்கிடம் தேடின. 1782 ஆகஸ்ட் இறுதியில் சுப்ரேன் என்னும் பிரெஞ்சுத் தளபதி திருகோணமலையைப் பிடித்தார். துறையை இழந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ், இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய் மாரியைக் கழிக்க வேண்டியதாயிற்று. ஒரு துறைமுகத்தின் விலை என்ன என்பதை அந்தப் பயணம் காட்டும்.

ஆனால் அதே கதையின் மறுபாதியை மருமகன் சொல்லவில்லை. திருகோணமலையைக் கையில் வைத்திருந்த சுப்ரேன் அந்த மாரியை அங்கே கழித்தாரோவெனில், இல்லை. சுமத்திராவின் அச்சே துறைக்குத் தம் படையைக் கொண்டுபோனார். காற்றுக்கு மறைவு இருந்தால் மட்டும் போதாது. கப்பலுக்கும் ஆளுக்கும் வேண்டிய மற்றவையும் வேண்டும் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். எங்கள் வழக்கிலும் அதுவே கேள்வி. திருகோணமலை உட்துறை அலையைத் தடுக்கும், புயற்காற்றைத் தடுக்குமா? 1964, 2000, 2020 ஆகிய மூன்று புயல்களும் வந்த வாசல் அந்தப் பக்கமேயல்லவா? நள்ளிரவிலே கயிறு அறுந்தால் வேறு கயிறு கட்ட அங்கே நம்மவர் யார்?

இத்தகைய வழக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அத்திலாந்திக் கடலிலே யூன் முதல் நவம்பர் வரை புயற்பருவம். கரிபியன் தீவுகளிலே பாய்ப்படகு வைத்திருப்போர் ஆண்டுதோறும் இதே கவலையினால் தூக்கம் இழப்பர். காப்புறுதிக் கம்பெனிகள் பல, பூமிப்படத்திலே ஒரு கோடு கிழித்து, அதற்குத் தெற்கே படகைக் கொண்டுபோனாலொழியப் புயல் நட்டத்திற்குப் பொறுப்பேற்பதில்லை. கோட்டிற்கு ஆதாரம் உண்டு. பூமியின் சுழற்சியினாலேதான் காற்று மையத்தைச் சுற்றி வட்டமிடுகிறது. பூமத்திய ரேகையை அடுத்து அந்த முறுக்கு மிகக் குறைவு. ஆகவே ஐந்து பாகைக்குள்ளே புயல் பிறப்பது அரிது. ஆனால் அரிது என்பது இல்லை என்று ஆகாது. 2001 டிசம்பரிலே சிங்கப்பூருக்கு அருகே, ஒன்றரைப் பாகையிலேயே, வாமெய் என்ற சூறாவளி உருவாயிற்று. கிறெனடாத் தீவு புயலுக்கு அப்பாற்பட்டது என்று நம்பிப் பலர் படகுகளை அங்கே கரையேற்றி வைத்திருந்தனர். 2004 செப்டெம்பர் 7ஆந் தேதி ஐவன் புயல் வந்து, முட்டுக்கொடுத்து நிறுத்திய படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்தது. 2024 யூலை முதலாந் தேதி பெரில் புயல் அதே நாட்டின் கரியாக்கூத் தீவைத் தாக்கியபோது, கண்டற் காட்டுக்குள் ஒளித்துக் கட்டிய படகுகளுந் தப்பவில்லை. கோட்டை வரைந்தவர்களுக்குப் புயலிடம் கையெழுத்து வாங்க முடியாதல்லவா?

அமெரிக்கப் பேச்சு வந்தபடியால், எங்கள் ஊரார் எவரும் சொல்லாமல் விடாத செய்தியை நானும் சொல்லிவிடுகிறேன். வல்வெட்டித்துறையிலே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியார் பெயரைச் சூட்டினார். அது எங்களூர் மாலுமிகளோடு 1938 ஆகஸ்ட் முதலாந் தேதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்டர் துறையை அடைந்தது. அந்தப் புது இங்கிலாந்துக் கரையையே செப்டெம்பர் 21ஆந் தேதி ஒரு பெரும் புயல் தாக்கிப் பல நூறு உயிர்களைக் கொண்டது. ஏழு வாரந்தான் இடைவெளி. நாட்பார்த்துப் பாய் விரித்தவர்கள் எங்கள் பாட்டன்மார் என்று ஊரிலே பெருமை பேசுவர். நாள் பார்த்ததோ, நல்லூழோ, காலத்திலே போய்ச் சேர்ந்தார்கள்.

ஊர்காவற்றுறை என்பது மூன்றாவது யோசனை. அது அயலவர் ஒருவர் சொன்னது. மேற்கே ஒரு பகற்பொழுது பாயோட்டம். தீவுகளுக்கு இடையேயுள்ள கால்வாயாதலின் திறந்த கடலின் அலை உள்ளே வராது. சாதாரண வாடைக்கு அதைவிட நல்ல இடம் வடக்கிலே இல்லை என்றே கூறுவேன். புயலுக்கு வந்தால் மட்டும் யோசனை பிறக்கிறது. தீவுகள் எல்லாம் தாழ்ந்த தரை. காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஒதுங்க மேடு கிடையாது. வள்ளத்தை உடைப்பது காற்றைக் காட்டிலும் தண்ணீரே; நின்ற இடத்திலிருந்து அதைத் தூக்கி, மற்றொரு வள்ளத்தின்மீதோ மதில்மீதோ போடுவதும் தண்ணீரே.

இவ்வளவும் கேட்டபின் தமக்கையார் பக்கம் தீர்ப்பு அளித்தேன். கடலிலிருந்து அரை மைல் உள்ளே, மேட்டு நிலத்திலே எங்கள் பழைய பனங்காணி உண்டு. புரட்டாதிக் கடைசியில், மழையால் ஒழுங்கை சேறாகுமுன், உழவு இயந்திரத்தின் பின்னே வண்டியிலேற்றி அங்கே கொண்டுபோய்விட வேண்டும். பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்தல் முதல் வேலை. நிற்கும் மரம் காற்றுக்குப் பிடி கொடுக்கும். மணலிலே ஓரடி ஆழம் வெட்டி ஏராவை அதற்குள் இறக்க வேண்டும். முட்டுக்கட்டைகளை மட்டும் நம்பலாகாது. ஈரமண் இளகினால் கட்டை நழுவும். எங்கள் கரைக்குப் புயல் தெற்காலே போனாலும் வடக்காலே போனாலும் முதலிலே உரத்து வருவது வடபாற் காற்றே. ஆதலால் அணியம் வடக்கே நோக்கி இருக்கட்டும். நாலு பக்கமும் கயிறு. அதுவும் தென்னையில் அன்று, பனையில். தென்னை சாய்ந்த தோட்டங்களிலே பனை நின்றதைக் கிழக்கில் 1978இலே பார்த்தவர்கள் சொல்வார்கள். புயல் வருகிறதென்று அறிவித்தல் கிடைத்த அன்று வள்ளத்திற்குள்ளே பாதியளவு தண்ணீர் நிரப்பிவிட்டால் எளிதிலே அசையாது. பலகையும் உலர்ந்து வெடிக்காமல் இருக்கும். மற்ற நாட்களில் கிடுகு வேய்ந்து வெயிலை மறைத்தாற் போதும்.

இன்னொன்றும் மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் அரைக்கோளத்திலே காற்றை முகத்துக்கு நேரே ஏற்று நின்றால், புயலின் மையம் வலக்கைப் பக்கத்திலே, சற்றுப் பின்னாக இருக்கும். வானொலி வாய் மூடிய இரவிலும் இந்தக் கணக்கு வாய் மூடாது. "இதைத் தாத்தா எனக்கு அப்போதே சொல்லித் தந்துவிட்டார்" என்றான் அவன். எனக்கு அவர் சொல்லித் தரவில்லை. நான் பேராதனைப் புத்தகசாலையிலே படித்துத்தான் அறிந்தேன்.

திருகோணமலையை அவன் முற்றாகக் கைவிட்டான் என்று நான் நம்பவில்லை. சோழகக் காலத்திலே ஒருமுறை அங்கே பாயோடிப் போய்வரச் சம்மதம் கேட்டிருக்கிறான். அப்பொழுது கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்குமாதலால் சம்மதித்தேன். தமக்கையார் மட்டும் தீர்ப்போடு ஒரு நிபந்தனை சேர்த்தார். பனங்காணியிலே வள்ளம் வைக்கும் இடத்திற்றான் அவருடைய பசுவுக்குக் கொட்டில் இருக்கிறது. பசுவை நகர்த்த முடியாதாம். கிழக்குப் பக்கத்துப் பனைகள் இரண்டுக்கும் இடையே 22 அடி தேறுமோ என்று அளந்துபார்க்க, மருமகன் நாளைக் காலையிலே நாடாவோடு போகிறான்.