வட்டம் சேரும் இடம்

சென்ற பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் எனக்கு ஒரு சர்க்கிள் கட்டர் வாங்க வேண்டியிருந்தது. விருதுநகரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை என்னுடையது. இந்தத் தொழிலில் நேர்கோடுதான் சோறு போடுகிறது. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்து, சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போன தெய்வங்களெல்லாம் செவ்வகத்துக்குள் நின்றவைதாம். வட்டம் கேட்டு வருகிறவர்கள் குறைவு. உடைந்துபோன கடிகாரக் கண்ணாடி, முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் கூலி வட்டத்துக்கு அதிகம்.

அந்த வேலையை நான் ஒருவனே செய்துவந்தேன், அப்பாவின் வைர ஊசியால். ஒட்டுப்பலகையில் வட்டம் வெட்டிக் கண்ணாடி மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஓரத்தை ஒட்டி ஊசியைச் சுற்ற வேண்டும். ஊசிமுனை பலகையோரத்திலிருந்து சற்றுத் தள்ளித்தான் கீறும். அந்தத் தள்ளலை இருபுறமும் கழித்துப் பலகையை வெட்டியிருக்க வேண்டும். வைரம் ஒரே ஒரு சாய்வில்தான் பேசும். அந்தச் சாய்வைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்தான் அறியும்.

என்னிடம் ஏழு வருஷமாக வேலை பார்க்கும் தம்பிக்கு வலது கையில் அந்த இரண்டு விரல்களும் இல்லை. ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் போனவை. மறுநாள் பத்திரிகையில் வழக்கமான வாசகம் இருந்தது: உராய்வு காரணமாக. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து இந்த வறண்ட பூமி உராய்வை விற்றுத்தான் பிழைக்கிறது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் அது சரக்கு. பட்டாசு அறையில் அதுவே எமன். என் கடைக்கு வந்த புதிதில், நான் கண்ணாடியைக் கீறும் சத்தம் கேட்டால் தம்பி எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். அவனை ஆணி அடிக்கவும் பின்புறம் தாள் ஒட்டவும் வைத்துக்கொண்டேன். கை அப்படி இருக்கிறது, வேறு என்ன கொடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வட்டத்தின் கூலி முழுதும் என்னிடமே நின்றது என்பதை அந்தச் சமாதானத்தோடு சேர்த்து நினைக்கவில்லை.

கண்ணாடியை அறுக்கிறோம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் யாரும் அறுப்பதில்லை. மேற்பரப்பில் ஒரு விரிசலைத் தொடங்கிவைக்கிறோம். பிறகு வளைத்து அழுத்தி அதை ஓடவிடுகிறோம். கண்ணாடி கணக்கில் இருக்க வேண்டிய பலத்தைவிட எவ்வளவோ குறைந்த பலத்தில் உடைந்துபோவது அதில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணிய விரிசல்களால்தான் என்று கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் 1921இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். விரிசலுக்கு நேராக ஓடத்தான் விருப்பம். வட்டம் அதன் சுபாவத்துக்கு விரோதமானது. ஆகவே கருவியில் பார்க்க வேண்டியது ஒன்றே: கீறல் தொடங்கிய இடத்திலேயே வந்து சேருகிறதா? சேராமல் அரை மில்லிமீட்டர் விலகினால் அந்த இடத்தில் விரிசல் வெளியே தப்பிவிடும். சேர்ந்த பிறகும் நிறுத்தாமல் கீறல் மேலேயே இன்னொரு சுற்று ஓட்டினால் சில்லு தெறிக்கும், சக்கரத்தின் முனையும் கெடும்.

மதுரையில் ஒரு கடையில் இரண்டு தினுசு காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் கிண்ணம், அளவு பொறித்த கம்பி, கம்பி முனையில் சிறு சக்கரம். முதலாவது இலேசானது, மலிவு. சக்கரத்துக்கு மேலுள்ள சிறு குமிழை இரண்டு விரலால் பிடித்துச் சுற்ற வேண்டும். இரண்டாவது கனம், விலை இரட்டிப்புக்கும் மேல். உள்ளங்கையை வைத்து அழுத்தும்படி பெரிய குமிழ், எண்ணெய் தானே கசியும் சக்கரம். எதையும் வாங்காமல் திரும்பினேன். மறு வாரம் தம்பியையும் அழைத்துப்போனேன்.

“எனக்காகன்னா வேண்டாம் அண்ணாச்சி. சாமான் நல்லதுன்னா வாங்குங்க” என்றான்.

கடைக்காரர் கழிவுக் கண்ணாடி கொடுத்தார். மலிவானதில் நான் சுற்றிப் பார்த்தேன். என் விரல்களின் அழுத்தத்தில் அச்சு இலேசாகச் சாய்ந்து, முடிவு ஆரம்பத்தைத் தவறவிட்டது. மூன்று முறையும் அப்படியே. எல்லா விரலும் உள்ள கை அது. கனமானதில் அழுத்தம் நேராகக் கீழே இறங்கியது, சேர்ந்தது. அவன் கைக்காகத் தேடிய சாமான் என் கைக்கும் நல்லதாக இருந்தது. ஏழு வருஷமாகக் குறை எங்கே இருந்ததென்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

முதல் வட்டம் ஒன்பது அங்குலம், கடிகாரத்துக்கு. தூசியிருந்தால் கிண்ணம் கவ்வாது என்பதால் தம்பி இரண்டு தடவை துடைத்தான். இடது கையால் நடுவைப் பிடித்து, வலது உள்ளங்கையால் ஒரே சீராகச் சுற்றினான். அதிகம் அழுத்தினால் கீறலில் வெள்ளைப் பொடி எழும். எழவில்லை. நல்ல கீறல் கண்ணுக்குச் சரியாகத் தெரியவே தெரியாது. “சேந்துட்டு” என்று நிறுத்தினான். சாக்கின் மேல் கவிழ்த்து இடது கட்டைவிரலால் கீறலின் தடத்தில் சிறுகச் சிறுக அழுத்திக்கொண்டே வந்தான். விரிசல் விரலுக்கு முன்னால் ஓடிச் சுற்றி வந்தது. பிறகு நிமிர்த்தி, வட்டத்தின் ஓரத்திலிருந்து கண்ணாடியின் விளிம்புவரை நேர்கோடுகள் கீறி, வெளித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். கீறும் சத்தத்துக்கு அவன் தெருவுக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தோன்றியது.

வட்டத்தின் கூலி இப்போது அவனுடையது. வைர ஊசியை நேர்கோட்டுக்கு வைத்துக்கொண்டேன். முட்டை வடிவத்துக்குப் புதிய சாமான் உதவாது. யாராவது அப்படிக் கேட்டு வந்தால் ஊசியையும் பலகையையும் எடுக்க வேண்டியிருக்கும். இதுவரை வரவில்லை.