ரையோலிக்கு ஒரு மோட்டார் யாத்திரை

அகமதாபாத்துக்குப் போகும் வாசகர்கள், சபர்மதி ஆசிரமத்தைத் தரிசித்த மறுநாள் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் மோட்டாரில் சென்றால், பாலசினோர் என்னும் ஊரைத் தாண்டி ரையோலி என்ற கிராமம் வருகிறது. டைனோஸார்களுக்கென்றே அங்கே ஒரு காட்சிசாலை 2019-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. காலையில் புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

சென்ற குளிர்கால விடுமுறையில் நாம் அப்படித்தான் செய்தோம். மைத்துனர் வண்டி ஓட்டினார். பின் ஆசனத்தில் நம் வீட்டு அம்மாள், பத்து வயதுப் பையன், தயிர்ச் சாதப் பாத்திரம், ஒரு பொட்டலம் தேப்லா ஆகியவை இடம் பெற்றன. தேப்லா என்பது வெந்தயக் கீரை சேர்த்த குஜராத்திச் சப்பாத்தி. பாலசினோர் வந்து சேர்வதற்குள் அந்தத் தேப்லாக்கள் பூண்டோடு அழிந்துபோன ஜந்துக்களின் ஜாபிதாவில் சேர்ந்துவிட்டன!

டைனோஸார் என்றதும் அமெரிக்காவை நினைப்பது நம்மவர் வழக்கம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நாமும் அதற்கு விலக்கல்ல. ஆனால் ரிச்சர்டு ஓவன் என்ற ஆங்கிலேய அறிஞர் அந்தப் பெயரைச் சூட்டியதே 1842-ல்தான். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1828-ல், ஜபல்பூரில் அவற்றின் எலும்புகள் கிடைத்துவிட்டன. பெயர் பிறப்பதற்கு முன்பே பிராணி நம் மண்ணில் வெளிப்பட்டுவிட்டது.

ரையோலிக் காட்சிசாலையில் பிரதான புருஷர் ராஜஸாரஸ். 'நர்மதையின் அரசப் பல்லி' என்பது அதன் முழுப் பெயரின் பொருள். இருபது அடிக்கு மேல் நீளம், இரண்டு கால் நடை, மாமிச போஜனம், நெற்றியில் கிரீடம் போல் ஒரு கொம்பு. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இப்பக்கங்களில் திரிந்த பிராணி அது. பையன் அதன் உருவத்தை ஒரு முறை பார்த்தான்; உடனே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதன் கொம்பைவிட நம் மனத்தைக் கவர்ந்தது, அது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறுதான். 1980-களின் முற்பகுதியில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா முதலியோர் இங்கே தோண்டினார்கள். கிடைத்த எலும்புகளை வாரிக்கொண்டு போய்விடவில்லை. எந்த எலும்பு எந்த இடத்தில் கிடந்தது என்று வரைபடம் எழுதி வைத்தார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்ற பின், இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த வரைபடத்தையும் எலும்புகளையும் வைத்துக்கொண்டு, இது உலகம் அறியாத புதிய பிராணி என்று தெளிந்தார்கள். 2003-ல் ராஜஸாரஸுக்கு நாமகரணம் நடந்தது.

குஜராத்தில் டோலி டுங்ரி என்னும் கிராமத்தில் கிடைத்த மற்றொரு கல்லின் கதை இதைக் காட்டிலும் விசித்திரமானது. மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பு ஒன்று, உடைந்த முட்டையைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. பக்கத்தில் அப்போதுதான் பொரித்த டைனோஸார்க் குஞ்சு. அந்தக் கணத்தில் மணல் சரிந்தோ வெள்ளம் வந்தோ மூவரையும் மூடிவிட்டது போலும். 1984-ல் தனஞ்சய் மோகபே எடுத்துவந்த இக்கல்லில் பாம்பு இருப்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்து, 2010-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முட்டையை ஒருவரும் பாம்பெலும்பை மற்றொருவரும் எடுத்துப் போயிருந்தால், அந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்குமா?

காட்சிசாலையை விட்டு எலும்புகள் கிடைத்த மேட்டுக்குச் சென்றோம். பாறையோடு பாறையாகக் கல்லெலும்புகள் இன்னும் பதிந்திருக்கின்றன. கிராமத்துச் சமையலறை ஒன்றில் மசாலா அரைக்க உதவிய உருண்டைக் கல், டைனோஸார் முட்டை என்று பிற்பாடு தெரிய வந்த கதை இங்கே பிரசித்தம். அதைக் கேட்டதிலிருந்து பையனுக்கு உருண்டைக் கல்லெல்லாம் முட்டையாகவே தோன்றியது. சற்று நேரத்தில் ஒரு கல்லைக் கையில் மறைத்துக்கொண்டு வந்தான்.

"அப்பா, இதை ஊருக்கு எடுத்துக்கொண்டு போகலாமா?"

"கூடாது. இங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது" என்றோம்.

"உங்கள் மேஜை மேல் மட்டும் ஒரு கல் இருக்கிறதே?"

மைத்துனர் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரி நாட்களில் சிநேகிதர்களுடன் அரியலூர்ப் பக்கம் போனபோது, சுருள் சங்கு போன்ற ஒரு கல்லை எடுத்து வந்தோம். என்றோ அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் மேஜையில் காகிதங்களுக்குப் பாரமாக இருக்கிறது. எந்த ஊர் ஓடை, எந்தப் பாறை அடுக்கு என்று யாராவது கேட்டால் சொல்ல நமக்கு நினைவில்லை. சாட்சி இருக்கிறது, வாய்தான் இல்லை.

அதே அரியலூர்ச் சீமையில், கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் புருஹத்காயோஸாரஸ் என்று பெயரிட்டார்கள். பூமியில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் அதுவும் ஒன்றாகலாம் என்பார் சிலர். எலும்பே அல்ல, கல்லாகிய மரம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்து வழக்கைத் தீர்க்கலாமென்றால், அவை பொடிந்து மறைந்துவிட்டன. எஞ்சியவை எழுத்தும் படங்களும்தான்.

இதையெல்லாம் பையனுக்குச் சொன்னோம். நம் தவற்றையும் ஒப்புக்கொண்டோம். அவன் சிறிது யோசித்தான். பிறகு வந்த வழியே போய், கல்லைக் கீழே வைத்தான். இரண்டடி நகர்ந்தவன் மீண்டும் திரும்பி, அதைச் சற்றே புரட்டி வைத்தான்.

"முதலில் இப்படித்தான் இருந்தது" என்றான்.