விஞ்சுவதும் மிஞ்சுவதும்

ஆங்கிலத்தில் 'அவுட்' என்னும் முன்னொட்டைத் தலையில் ஏற்றிக்கொண்ட வினை பெரும்பாலும் போட்டிக்குக் கிளம்பிவிடுகிறது. செய்வது 'அவுட்டூ' ஆகும். ஓடுவது 'அவுட்ரன்' ஆகும். பெயர்ச்சொல்லும் தப்புவதில்லை, துப்பாக்கி 'அவுட்கன்' ஆகிவிடும். ஷேக்ஸ்பியர் 'ஹாம்லெட்'டில் ஏரோது மன்னன் பெயரையே இவ்வாறு வினையாக்கினார். இவ்வினைகளுக்கு எதிராளி ஒருவர் செயப்படுபொருளாக நின்றாக வேண்டும். தமிழிலோ 'அழகு விஞ்சி நிற்கிறது' என்று எவரையும் சுட்டாமல் முடித்துக்கொள்ளலாம்.

இந்த இலக்கணம் இடறிய ஊர் ஒன்று நமக்கு அருகிலேயே உள்ளது. 2010 மார்ச்சில் இராஜஸ்தான் பாலையில் அர்ஜுன் டாங்கியையும் ரஷ்ய வடிவமைப்பான டி-90ஐயும் அருகருகே ஓடவும் சுடவும் விட்டுச் சோதித்தார்கள். அர்ஜுனே மேலாக நின்றதாக ஆங்கில நாளேடுகள் எழுதின. 'அவுட்ரன்', 'அவுட்கன்' இரண்டும் அச்சேறின. ஆனால் எதிராளி யார்? அர்ஜுன் ஆவடியில் வடிவமைக்கப்பட்டு, அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானது. உள்நாட்டில் கட்டப்பட்ட முதல் டி-90களும் 2009 ஆகஸ்டில் அதே தொழிற்சாலையிலிருந்துதான் வெளிவந்தன. ஒரே ஊர்க் கைகள் இரண்டையும் முடுக்கின.

இங்கேதான் 'மிஞ்சுதல்' என்ற நம் சொல் உதவுகிறது. அதற்கு மேலோங்குதல் என்றும் பொருள், எஞ்சுதல் என்றும் பொருள். ('பேச்சை மிஞ்சாதே' என்னும்போது வரம்பு மீறுதலும் சேர்ந்துகொள்கிறது, அது வேறு கதை.) பந்தியில் மிஞ்சிய சோறு எதையும் வென்றதில்லை, இருக்கிறது, அவ்வளவே. பாலையில் விஞ்சியது அர்ஜுன். படையில் மிஞ்சியது டி-90. அர்ஜுனுக்கு முதலில் 124, சோதனைக்குப்பின் 2010இல் மேலும் 124, 2021இல் மேம்பட்ட மார்க் 1ஏ வகையில் 118 என்றே ஆணைகள் வந்தன. டி-90களோ ஆயிரத்தைத் தாண்டின. அர்ஜுனின் எடை 58 டன்னுக்கு மேல். மற்றது ஏறத்தாழ 46 டன். பாலங்களும் ரயில் பெட்டிகளும் எடையையும் அகலத்தையும் பார்க்கும், குறிதவறாமையைப் பார்க்கா.

அந்தச் செய்தியை மொழிபெயர்க்க நேர்ந்தால் 'சுடுதிறனில் விஞ்சியது' என்றே நாம் எழுதுவோம். 'வென்றது' என்று எழுத மனம் வராது. 'வீழ்த்தியது' என்றால் ஆவடிக்காரர்கள் எந்த டாங்கியை என்று கேட்பார்கள்.