ரஸிகன் சொன்ன பொய்

2009-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் நான் ஒரு பொய் சொன்னேன். கேட்டவர் என் நண்பர், கணக்கு வாத்தியார். அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் நெடுநாள் மௌனத்துக்குப் பிறகு வெளியிட்ட புது இசைத்தட்டு என் கைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, "என்ன ஸார், உங்கள் அம்மையார் எப்படிப் பாடியிருக்கிறார்?" என்று விசாரித்தார்.

"பிரமாதம்! பழைய சாரீரம் அப்படியே இருக்கிறது. ஓர் அணுவும் குறையவில்லை" என்றேன்.

கணக்கு வாத்தியார் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சந்தோஷம்" என்று சொல்லிப் போய்விட்டார். விடை தப்பு என்று தெரிந்தும் பையனுடைய முகத்துக்காக அரை மார்க்குப் போடுகிற மாதிரி இருந்தது அந்தச் 'சந்தோஷம்'.

உலகத்தில் யார் எந்தப் பொய் சொன்னாலும் அதில் நாலு காசு லாபம் இருக்கும். ரஸிகன் சொல்லும் பொய்யில் மட்டும் ஒரு தம்படி வரும்படி கிடையாது. தான் கொண்டாடுகிறவருடைய மானம் தன் வாய்ச்சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அவன் அதைச் சொல்லுகிறான். நானும் அப்படித்தான் சொன்னேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிட உத்தேசம்.

விட்னி ஹூஸ்டனைக் கேட்டறியாத நேயர்களுக்காக இரண்டொரு வார்த்தை. அவர் 1963-ம் வருஷம் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் நியூவார்க் நகரில் பிறந்தார். தாயார் ஸிஸ்ஸி ஹூஸ்டன் தேவாலயத்தில் பாடகர் கோஷ்டியை நடத்தியவர். எல்விஸ் பிரெஸ்லி, அரீதா பிராங்க்ளின் போன்ற பெரும் பாடகர்களுக்குப் பின்பாட்டுப் பாடியவர். அந்தக் கோஷ்டியிலே பாடித்தான் பெண்ணின் தொண்டை பழகிற்று. 1985-ல் முதல் தட்டு வெளிவந்தது. அதிலிருந்து 1988-க்குள் தொடர்ச்சியாக ஏழு பாட்டுகள் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றன. பீட்டில்ஸ் கோஷ்டியாரால்கூட ஆறுக்கு மேல் போக முடியவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. 1987-ல், எனக்குப் பதினாலு பிராயம் இருக்கும்போது, யாரோ யாரிடமிருந்தோ பிரதி எடுத்து, அதிலிருந்து வேறு யாரோ பிரதி எடுத்த ஒரு நாடா என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த மூன்றாம் பிரதியின் இரைச்சலையெல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஒரு குரல் மேலே எழும்பிற்று. தெருமுனைவரை கேட்கும்படி அதைப் போட்டு, அடுத்த வீட்டுப் பென்ஷன்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பிறகு 1992-ல் 'பாடிகார்ட்' என்ற சினிமா வந்தது. டாலி பார்ட்டன் எழுதி 1974-லேயே தாம் பாடி வெளியிட்டிருந்த பாட்டு ஒன்றை அதில் விட்னி பாடினார். 'என்றென்றும் உன்னை நேசிப்பேன்' என்று பொருள்படும் பாட்டு. பதினாலு வாரம் அது முதலிடத்திலிருந்து இறங்கவில்லை. பக்கவாத்தியம் ஏதுமின்றித் தனிக் குரலில் ஆரம்பிக்கும். நம் விருத்தம் மாதிரி, தாளக்கட்டு இல்லாமல், அவசரமில்லாமல் நடக்கும். வாத்தியங்கள் மெள்ள மெள்ள வந்து சேரும். முடிவை நெருங்கும்போது சட்டென்று எல்லாம் நிசப்தம். பேரிகையில் ஒரே ஓர் அடி. உடனே சுருதியே ஒரு படி மேலே ஏற, அந்த அம்மையார் உச்சஸ்தாயியில் பிடித்த கார்வை இருக்கிறதே, அதைக் கேட்டு எத்தனையோ இரவுகள் தூக்கம் இழந்தேன். அந்த நிசப்தத்துக்காகவும் அதற்குப் பின் வரும் அடிக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் குற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்குப் பின் நடந்தவற்றை விஸ்தரிக்க எனக்கு மனம் இல்லை. போதைப் பழக்கம், கலகமான இல்வாழ்க்கை, பத்திரிகைகளின் ஏளனம் என்று வருஷங்கள் கழிந்தன. 2002-ல் வந்த தட்டு சோபிக்கவில்லை. மறு வருஷம் வந்த கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தள்ளிவிட்டால், பிறகு ஏழு வருஷம் ஒன்றுமே இல்லை. 2007-ல் விவாகரத்து ஆயிற்று. 2009 ஆகஸ்டு மாதக் கடைசியில் 'ஐ லுக் டு யூ', அதாவது 'உன்னையே நாடுகிறேன்', என்ற தட்டு வெளிவந்தது. முதல் வாரத்தில் மூன்று லட்சத்து ஐயாயிரம் பிரதிகள் விற்று அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. அவருக்கு அப்போது பிராயம் நாற்பத்தாறு.

அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்று இரவு சாப்பாட்டைக்கூட ஒத்திப் போட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் பதினொரு பாட்டுகள்.

முதல் பாட்டைக் கேட்டதும் எழுந்து ஆடாத குறைதான். அலிஷியா கீஸ் என்ற இளம் பாடகி சேர்ந்து எழுதிய பாட்டு அது. 1970-களின் நடன இசையை அடிப்படையாக வைத்து, விட்னியின் குரல் எவ்வளவு தூரம் சிரமமில்லாமல் போகுமோ அவ்வளவு தூரமே போகும்படி அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். 'அப்பாடா! ஜெயித்துவிட்டார்' என்று நினைத்தேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன, போயின. நவீன யந்திரத் தாளம், குரலின் மேல் குரலாக அடுக்கிய பின்பாட்டு. எந்தப் பெண் பாடினாலும் அப்படியேதான் இருந்திருக்கும். இன்னொரு பாட்டில் ஏகான் என்பவர் கூடச் சேர்ந்து பாடுகிறார். 'நான் போகவே இல்லாதது போல்' என்பது அதன் தலைப்பு. பொய் சொல்லுவானேன்? அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருஷம் எங்கேயோ போய், என்னென்னவோ பட்டு மீண்டு வந்திருக்கும் ஒரு பெண்ணை, போகவே இல்லை என்று சொல்ல வைப்பானேன்? போய் வந்த கதையைத்தானே கேட்க உட்கார்ந்திருக்கிறோம்?

தட்டின் பெயரைத் தாங்கிய பாட்டு நன்றாகவே இருந்தது. அதை எழுதியவர் ஆர். கெல்லி. கொடிய குற்றங்களுக்காக 2021-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, அந்தப் பிரார்த்தனைப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் மனத்தில் ஒரு முள் தைக்கிறது. அது தனி விஷயம்.

நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது 'எ ஸாங் ஃபார் யூ' என்னும் பாட்டைப் பற்றி. லியான் ரஸ்ஸல் 1970-ல் வெளியிட்ட பழைய பாட்டு அது, பலர் பாடியிருக்கிறார்கள். மேடை மேடையாகப் பாடித் திரிந்த ஒருவர், கூட்டமெல்லாம் போன பிறகு, தம் அன்புக்குரிய ஒருவர் முன் தனியே உட்கார்ந்து மனம் விட்டுப் பாடும் பாவனையில் அமைந்தது. விட்னி அதைப் பியானோவுடன் ஆரம்பிக்கிறார். குரல் தடித்திருக்கிறது, ஓரங்கள் தேய்ந்திருக்கின்றன. 1987-ன் பளிங்குக் குரல் அல்ல. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறார். நான் அசையாமல் இருந்தேன். 'இதற்காகத்தான் காத்திருந்தேன்' என்று தோன்றிற்று.

பாதிப் பாட்டில், திடீரென்று, டமடம என்று நடனத் தாளம் கிளம்பிற்று! கோயில் சன்னிதியில் கண்ணை மூடி நிற்கும்போது யாரோ பின்னாலிருந்து சரவெடி கொளுத்திப் போட்டது போல் திடுக்கிட்டேன். அதற்கப்புறம் பாட்டு எங்கேயோ போய்விட்டது. அந்த அம்மையாரும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது 'என் பலத்தை நானே அறிந்திலேன்' என்று பொருள்படும் பாட்டு. விட்னியின் வாழ்க்கையையே நினைத்து டயேன் வாரன் எழுதியது போலிருக்கும். ஆரம்பம் கீழ் ஸ்தாயியில், மிகவும் சுகம். ஆனால் பாட்டின் அமைப்பு முழுவதும் ஓர் உச்சத்தை நோக்கியே ஏறுகிறது. வாத்தியங்களெல்லாம் சேர்ந்து படிக்கட்டுக் கட்டிக் கொடுக்கின்றன. நானும் பழைய வழக்கப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். உச்சம் வந்தது. அவர் அங்கே கையை நீட்டித் தொட்டார், பிடிக்க முடியவில்லை. பின்பாட்டுக்காரர்களும் வாத்தியங்களும் அவசரமாக வந்து மூடிவிட்டார்கள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். சாப்பிடக் கூப்பிட வந்தவள் எவ்வளவு நேரம் வாசலிலேயே நின்றாளோ, தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் பாட்டு ஆகாது. மார்கழி மாதக் கச்சேரிகளே அவளுடைய சங்கீதம்.

"ஏண்டா, இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"ஏன் அப்படிக் கேட்கிறாய்?"

"மூச்சே இல்லையேடா! ஆனால் பாட்டுத் தெரிந்தவள். கீழே பாடுகிறபோது எவ்வளவு சுகமாயிருக்கிறது! அங்கேயே நிற்கக் கூடாதா? யார் இவளை மேலே போகச் சொன்னது?"

நான் பதில் சொல்லவில்லை. "சாதம் ஆறிப் போகிறது" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள்.

யார் மேலே போகச் சொன்னது? தட்டுக் கம்பெனிக்காரர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர்கள் பேரிலும் பிழை உண்டு. செம்மங்குடி சீனிவாசய்யர் எண்பது பிராயத்தைத் தாண்டிய பிறகும் பாடினார். கமறலும் மூக்கோசையுமாக ஒரு ராகத்தை அவர் எடுத்தால், சபையில் யாரும் இருபது வயதுக் குரலைத் தேடவில்லை, "பேஷ்!" என்று தலையை ஆட்டினோம். அமெரிக்காவில் அந்த வழக்கமே கிடையாது என்றும் சொல்ல முடியாது. பில்லி ஹாலிடே சாவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1958-ல், கந்தலாகிப் போன குரலை ஒளிக்காமலே ஒரு தட்டுப் பாடினார். அதைப் போற்றுகிறவர்கள் இன்றும் பலர். ஜானி காஷ் 1994-ல் ஒரே ஒரு கிதாரை வைத்துக்கொண்டு, அறுபது கடந்த தம் குரலை உள்ளபடியே காட்டிப் புது வாழ்வு பெற்றார். வழி தெரியாதவர்கள் அல்ல. விட்னிக்கும் ஒரு பியானோவையும் அமைதியான ஓர் அறையையும் கொடுத்திருக்கலாம்.

கொடுத்திருந்தால், வாங்க நான் தயாராயிருந்தேனா? அங்கேதான் சங்கடம். அந்த 1992-ம் வருஷத்து நிசப்தத்தையும் பேரிகை அடியையும் அதன் பின் வரும் உச்சத்தையும் கேட்கத்தான் நான் காசு கொடுப்பேன் என்று கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். என்னைப் போன்ற லட்சக்கணக்கான பேருடைய மூச்சுக் காத்திருக்கிறது என்று விட்னிக்கும் தெரியும்.

ஆகவே, என் உண்மையான அபிப்பிராயம் இதுதான். பதினொன்றில் ஆறு ஏழு பாட்டுகள், யார் பாடினாலும் ஒன்றுதான். முதல் பாட்டும் தலைப்புப் பாட்டும் கௌரவமானவை. 'எ ஸாங் ஃபார் யூ'வின் முதல் பாதி, அவர் வாழ்நாளில் பாடியவற்றிலேயே சிறந்தவற்றோடு வைக்கத் தக்கது. இதைக் கணக்கு வாத்தியாரிடம் அன்றே சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? பழைய சாரீரம் அப்படியே இருக்கிறது என்று சொன்னதன் மூலம், இருந்த புதுச் சாரீரத்தை நான் அவமதித்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

தட்டு வெளிவந்த மறுநாள் நியூயார்க்கில் ஸென்ட்ரல் பார்க்கில், டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றுக்காகப் பாடினார். குரல் உடைந்தது. ஓப்ரா வின்ப்ரேயுடன் நெடுநேரம் பேசித் தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். 2010-ல் தேசம் தேசமாகப் பிரயாணம் செய்தார். ஒவ்வோர் ஊரிலும் ஜனங்கள் காத்திருந்தது அந்த ஒரே பாட்டுக்கு. அதையும் பாடத்தான் செய்தார். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பலர் பாதியில் எழுந்து போனதாகப் பத்திரிகைகள் எழுதின. எழுந்து போனவர்களை அப்போது நான் மிகவும் திட்டினேன்.

2012-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, பெவர்லி ஹில்ஸில் ஒரு ஹோட்டல் அறையில் அவர் உயிர் பிரிந்தது. பிராயம் நாற்பத்தெட்டு. மறுநாள் கிராமி விருது விழா. ஒரு வாரம் கழித்து, சிறு வயதில் பாடிய அதே நியூவார்க் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. சவப்பெட்டியை எடுத்துச் சென்றபோது ஒலித்தது, அந்த 1992-ம் வருஷத்துப் பாட்டு.

செய்தி வந்த அன்று கணக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். பேச்சு ஒன்றும் எழவில்லை. காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, "அந்தத் தட்டை ஒரு தடவை கொடுங்களேன், கேட்டுவிட்டுத் தருகிறேன்" என்றார். கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து, "பத்தாவது பாட்டில்..." என்று ஆரம்பித்தவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார்.

சில இரவுகளில் 'எ ஸாங் ஃபார் யூ'வைப் போட்டுக் கேட்கிறேன். தாளம் கிளம்பப்போகும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு வினாடி முன்பாகவே எழுந்து போய் நிறுத்திவிடுகிறேன். "ஏண்டா நிறுத்திவிட்டாய்? நன்றாகத்தானே பாடிக்கொண்டிருந்தாள்?" என்று அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்பாள்.