வாக்காளர் அட்டையிலிருந்து ஓர் ஓவியம்

கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர் சாமிகளை வரைந்த கோவில்பட்டியில், இப்போது போட்டோஷாப்பில் முகம் வரைகிறார்கள். ‘ஸ்மட்ஜ் பெயின்டிங்’ என்றால் டிசைனிங் கடைக்காரர்களுக்குச் சட்டென்று புரிகிறது. நான் போன கடை ஒரு மாடியில். கீழே ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் இரைச்சல். மேலே இரண்டு கணினி, பேனாவால் வரையும் ஒரு வாக்காம் பலகை.

அன்றைய வேலை, இறந்துபோன ஒரு தாயாரின் படம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும். மகன் நீட்டியது வாக்காளர் அட்டையை. “வேற போட்டோவே இல்ல தம்பி. எங்கம்மா போட்டோவுக்கு நிக்கவே மாட்டா.”

அதில் படம் ஓர் அங்குல அகலம்கூட இல்லை. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலும் குறுக்கே 600 பிக்சல் தேறாது. 12க்கு 18 அங்குலத்தில் 300 டிபிஐயாக அச்சிட 3600 பிக்சல் வேண்டும். அப்படியே பெரிதாக்கினால் முகம் கட்டங்கட்டமாக உடையும்; இல்லாததைக் கையால்தான் நிரப்ப வேண்டும். கலை ஆசையைவிட இந்தத் தட்டுப்பாடுதான் இங்கே இத்தொழிலை வளர்த்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபில்டர் போதாதா என்று கேட்டேன். 2012இல் சிஎஸ்6 பதிப்போடு வந்த ‘ஆயில் பெயின்ட்’டைப் போட்டுக் காட்டினார் டிசைனர். கன்னம், சேலைக்கரை, பின்சுவர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிச் சுழி. “இதுக்கு மூக்கு எது, சுவரு எதுன்னு தெரியாது அண்ணாச்சி.” செல்போன் ஏஐ செயலிகளோ பளிச்சென்று ஒரு முகத்தைத் தந்துவிடும், அது வேறு யாரோ ஓர் அம்மாளாக இருக்கும்.

இவர் மூலப் படத்தைத் தொடாமல் மேலே காலி லேயர் ஒன்றைத் திறந்தார். ஸ்மட்ஜ் கருவி, ஈரச் சாயத்தை விரலால் தேய்ப்பதுபோல, இருக்கிற நிறத்தையே இழுத்துப் பரப்புகிறது. நெற்றியில் குறுக்காக, கன்னத்தில் எலும்பின் வளைவோடு, மூக்குத்தண்டில் மேலிருந்து கீழாக. முடிக்கு மட்டும் ‘ஸ்ட்ரெங்த்’தைக் கூட்டிக்கொண்டு வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. காதோர நரைக்கு மெல்லிய பிரஷ்ஷால் தனித்தனிக் கோடு. சிற்பிகள் கடைசியில் திறக்கும் கண்ணை இவர் முதலிலேயே முடித்துவிடுகிறார். கண் அமையாவிட்டால் மற்றதில் மெனக்கெட்டுப் புண்ணியமில்லையாம்.

பல கடைகளில் சுருக்கத்தைத் துடைத்துக் கறுத்த முகத்தை வெளுப்பாக்கிவிடுகிறார்கள். சினிமா சுவரொட்டி முகம்தான் மிஞ்சும். இவர் சுருக்கங்களில் கை வைக்கவில்லை.

சிக்கல் காதில் வந்தது. அட்டைப் படத்தில் காதின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருந்தது.

“வடிச்ச காதா அண்ணாச்சி?”

“ஆமா, தோள் வரைக்கும் தொங்கும். பாம்படம் கிடையாது. என்னப் படிக்க வைக்கணும்னு வித்துட்டா.”

போனில் அவருடைய அக்காள் விடவில்லை. “பாம்படம் போட்டே வரையச் சொல்லு. அம்மா மூளிக்காதோட தொங்கணுமா?” மகனுக்கு அதில் சம்மதமில்லை. தான் பார்த்த அம்மா வேண்டும் அவருக்கு.

“பாம்படத்தத் தனி லேயர்ல போடுதேன்” என்றார் டிசைனர். “அக்காவயும் கூட்டிட்டு வாங்க. வச்சும் பாக்கலாம், எடுத்தும் பாக்கலாம். அச்சுக்குப் போறதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிருங்க.”