முகம் வரையும் மேசை

கொள்ளைநோய் உலகைத் துடைத்தெடுத்த கதையைச் சினிமாவுக்குக் கொண்டுவரும்போது நோயையும் ஊரையும் காலத்தையும் தாராளமாக மாற்றலாம். ரிச்சர்ட் மாத்திசன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. காரணம் ஒரு பாக்டீரியா. பிரான்சிஸ் லாரன்ஸ் 2007இல் எடுத்த படத்தில் நியூயார்க். புற்றுநோயைக் குணமாக்க மாற்றியமைத்த தட்டம்மை வைரஸ். இதனால் நாவலுக்கு ஒரு குறையும் வரவில்லை. கைவைக்கக் கூடாதது அதன் பார்வைக் கோணம். நாயகன் நெவில் பகலெல்லாம் நோயுற்றவர்களைத் தேடிக் கொல்கிறான்; அவன் மனத்துக்குள்ளேயே இருக்கும் நாமும் அதை நியாயம் என்று நம்புகிறோம். நோயோடு வாழப் பழகிய ஒரு புதிய சமூகம் உருவாகிவிட்டதும், அவர்கள் கண்ணுக்குத் தானே பூதம் என்பதும் சாவின் வாசலில்தான் அவனுக்கு விளங்குகின்றன.

இந்தத் திருப்பம் 2007 படத்தின் க்ளைமாக்ஸில் பறிபோனதாகச் சொல்வார்கள். அதற்கு வெகு முன்பே, நோயாளிகளுக்கு முகம் வரையும் மேசையிலேயே அது போய்விடுகிறது என்பது என் கட்சி. நாவலில் பக்கத்து வீட்டு பென் கோர்ட்மன் இரவுதோறும் நெவிலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். படத்திலோ கிராஃபிக்ஸ் உடம்புகள் அலறுவதோடு சரி. இத்தனைக்கும் திரைக்கதை விதையை நன்றாகவே ஊன்றியிருந்தது. தன் துணையை நெவில் பிடித்துச் சென்றதும் நோயுற்ற ஓர் ஆண் வெயிலையும் பொருட்படுத்தாமல் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதை நெவில் மனிதத்தன்மை அழிந்ததன் அடையாளமாகப் பதிவு செய்கிறான். உண்மையில் அது அன்பு. அருமையான காட்சி இது. ஆனால் அந்த முகத்தில் அன்பைக் காண நமக்கு வழியே தரப்படவில்லை.

படத்துக்கு முதலில் எடுத்த முடிவில் நெவில் அந்தத் துணையைத் திருப்பிக் கொடுக்கிறான். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்கள் ஏற்காததால், அவன் கையெறி குண்டோடு உயிர்த்தியாகம் செய்யும் முடிவு திரைக்கு வந்தது. மக்களே மறுத்துவிட்டார்களே என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால் படம் நெடுகிலும் மிருகம் என்று காட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் மனிதன் என்றால் யார் நம்புவார்கள்? அவர்கள் மறுத்தது நாவலின் முடிவை அல்ல, முன்தயாரிப்பு இல்லாத முடிவை.

பூதங்களை நல்லவர்களாக்கினால் பயம் போய்விடும் என்பார்கள். நாவலின் புதிய மனிதர்கள் நல்லவர்களே அல்லர். அவர்கள் கோர்ட்மனைக் கொல்லும் வெறியைக் கண்டு நெவிலே பதறுகிறான். அவர்களுக்குத் தேவைப்பட்டது பேச்சும் காரணமும் மட்டுமே. வின்சென்ட் பிரைஸ் நடித்த 1964ஆம் ஆண்டுப் படம் இரண்டையும் கொடுத்தது. புதிய சமூகம், அந்தச் சமூகத்துப் பெண் ரூத், நாயகனின் கொலை என எல்லாம் அதில் உண்டு. ஆனால் தேவாலயத்தில் சாகும்போதும் அவன் அவர்களைப் பழித்து, தானே கடைசி மனிதன் என்று முழங்குகிறான். சம்பவம் மிஞ்சியது, உணர்தல் மிஞ்சவில்லை. அந்தத் திரைக்கதையில் பங்கிருந்தும் மாத்திசன் தன் பெயரைப் போடாமல் புனைபெயர் கொடுத்தார். எனவே அந்த உணர்தல் மிஞ்ச வேண்டுமானால், படமாக்குபவர் ரூத் தன் கணவனை நெவில் கொன்றதைச் சொல்லும் இடத்தை முதலில் எழுதிவிட்டு, பிறகுதான் ஒப்பனைக்காரரை அழைக்க வேண்டும்.