நீர் பாய்ந்தது, நிலம் யாருடையது?

நம்மவர்க்கு நெல் என்றால் தஞ்சை நினைவு; மலாயா என்றால் ரப்பர் நினைவு. ஆயினும் வடக்கே அலோர் ஸ்டாருக்கு ரெயிலேறும் போதெல்லாம், கெடாச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய மட்டும் நாம் காண்பது மலாய்க் குடியானவனின் நெல் வயலே. அப்பசுமையைப் புகழ்வோர் பலர். அதன் வரவு செலவைக் கேட்போர் சிலர். நாம் கேட்கத் துணிகிறோம்.

முற்காலத்தில் மழையை நம்பி அங்கு ஒரு போகமே விளைந்தது. அறுவடைக்குப் பல மாதம் முன்னரே கடன் வாங்கிய குடியானவன், விளைந்ததும் அதனை நெல்லாகவே அளந்து தீர்த்தான். அந்நெல்லின் விலையைக் கடன் கொடுத்தவர் முன்கூட்டியே குறைத்து நிர்ணயித்திருப்பார். இம்முறைக்குப் 'பாடி குஞ்சா' என்று பெயர். குஞ்சா ஒன்றுக்கு 160 கந்தாங். வட்டி மார்க்கத்திற்கு விரோதமல்லவா? ஆகையால் வட்டி என்ற சொல் அதில் இல்லை. வட்டி மட்டும் இருந்தது!

1966இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம் மூடா, பெடு என்னும் ஈரணைகளைக் கட்டிச் சுரங்கவழியால் இணைத்தது. 1970 முதல் படிப்படியாக ஏறக்குறைய 240,000 ஏக்கரில் இருபோகம் கண்டனர். விளைச்சல் பெருகிற்று. அந்நன்மையை மறுப்பவன் நியாயவான் அல்லன்.

எனினும் நீர் நிலத்திற்குத்தானே பாயும்? நிலமற்றவன் நிலை என்ன? முன்பு அறுவடைக்குப் பின் விளைச்சலைப் பார்த்துக் குத்தகை அளந்தவனிடம், பயிரிடுமுன்னரே ரொக்கம் கேட்கலாயினர். 1967ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைக்கு எழுத்துச் சீட்டு வேண்டுமென்றது. ஊரிலோ உறவினருக்குள் வாய்ச்சொல்லே சீட்டாக நின்றது. தோட்டத் துண்டாடலில் வீட்டையும் வேலையையும் ஒருங்கே இழந்த நம்மவர்க்கு இந்நிலை விளங்காததன்று. அதனாலன்றோ 1960இல், தொழிலாளர் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது! அணை கட்டுவதில் காட்டிய முனைப்பில் கால் பங்கையேனும் சர்க்கார் குத்தகைச் சீட்டில் காட்டியிருக்கலாகாதா?

1970களின் பிற்பாதியில் அறுவடை இயந்திரங்கள் வந்தன. நாம் இயந்திரத்தின் விரோதிகள் அல்லர். முதுகொடியும் வேலை ஒழிவது நன்றே. ஆனால் அக்கூலியால் உலை வைத்தவர்க்கு மாற்று வழி முதலில் செய்யப்படவில்லை. கதிரறுப்பு பெண்களின் வேலை. நெல்லடிப்பு ஆண்களின் வேலை. 1978 முதல் 1980 வரை அங்கோர் ஊரில் தங்கிய ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க அறிஞர், இயந்திரத்தை அழைத்தோர் வயலில் நாற்று நடாமல் விலகிநிற்கப் பெண்கள் ஓசையின்றி முயன்றதை எழுதியுள்ளார். அவர்கள் கொடி பிடிக்கவில்லை, கூட்டம் போடவில்லை. சில ஆண்டுகளில் நேரடி விதைப்பு பரவிற்று; நாற்று நடுவோரே தேவையற்றுப் போயினர்.